இடமுறுக்கு

என் கை இவ்வளவு சுத்தமாக இழுக்காது.

செத்துப்போன ஒரு மனிதனின் கையைப் போனில் பார்த்தபோது மோகனப்பிரியாவின் மனசுக்குள் முதலில் வந்தது இதுதான். ஐயோ என்று வரவில்லை. கடவுளே என்று வரவில்லை. கோட்டைத்தான் பார்த்தாள். நங்கூரத்தின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் இறங்கியிருந்தது. தடுமாற்றமில்லை, ஊசி இரண்டு தரம் போன இடமில்லை. அதற்கப்புறம்தான் அது ஒரு கை என்பதும், ஊதிப்போய், மேல்தோல் உரிந்து, வெள்ளைத் துணியின்மேல் கிடக்கிற கை என்பதும் அவளுக்கு உறைத்தது.

"இன்னாம்மா, பாத்தியா?" என்றார் சகாதேவன். போன் அவருடையது. ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவர், எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழகாதவர். "உன் வேலைதானே இது?"

ஏலக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. மீன் வந்து விழாத ஏலக்கூடம். சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்து, செதில்கள் காற்றில் பறந்தன. வெளியே படகுகள் வரிசையாக மணலில் ஏறிக் கிடந்தன. வாடைக்காற்று திடீரென்று திரும்பிய ஒரு காலையில் அங்கமுத்துவின் மகன் தமிழ்வாணனின் படகு அலைவாயில் கவிழ்ந்தது. கூடப் போனவன் நீந்திக் கரையேறினான். தமிழ்வாணன் ஏறவில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரு படகும் தண்ணீரைத் தொடவில்லை. கடல் ஓர் ஆளைக் கொண்டுபோனால், அவன் உடம்பு கிடைத்து மண்ணுக்குள் போகிறவரை கடலுக்கும் போவதில்லை, ஏரிக்கும் போவதில்லை என்பது அந்த ஊரின் கட்டு.

இப்போது வடக்கே, மாநில எல்லை தாண்டிய கரையில் ஓர் உடம்பு ஒதுங்கியிருக்கிறது. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். இடது முன்கையின் உள்பக்கத்தில் பச்சை குத்திய ஒரு நங்கூரம், அதைச் சுற்றி ஒரு கயிறு. தமிழ்வாணனுக்கும் அதே இடத்தில் ஒரு நங்கூரம், அதைச் சுற்றி ஒரு கயிறு. அதைக் குத்தியவள் மோகனப்பிரியா.

"பேசு மோகனா," என்றார் ஒருவர். "நாளான்னிக்கு நம்ம பாடு. தெரியுமில்ல?"

தெரியும். ஏரி கடலைத் தொடுகிற இடத்தில் இறால் நன்றாக ஓடும். அங்கே வலை போட ஊருக்கு ஊர் முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்த நாளில் வலை இறங்காவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். திரும்பிச் சுற்றி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். ஊசியும் கையுமாகத் திரிகிறாள், இவளை எவன் கட்டுவான் என்று பேசிய வாய்கள்தான். தூணோரம் அவள் அம்மா கஸ்தூரியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். மோகனப்பிரியாவுக்கு அது தொண்டை வரை வந்தது.

"போட்டோல சரியாத் தெரியல," என்றாள். "நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும்."

பொய். போட்டோவில் நன்றாகத்தான் தெரிந்தது. கயிற்றின் ஒவ்வொரு புரியும் தெரிந்தது.

*

கயிறுதான் விஷயம்.

அவள் கோடு பழகியது படகுகளில். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே படகுக்கு எண் எழுத, பெயர் எழுத அவளைக் கூப்பிடுவார்கள். படகின் உடம்பு தட்டையாக இருக்காது. வயிற்றுப் பக்கம் புடைத்து, முனையில் ஒடுங்கி, எழுத்தை இழுத்து வளைத்துவிடும். எங்கே எழுத்தை அகலமாக்கினால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நேராகத் தெரியும் என்பது அவள் கைக்குத் தானாகவே வந்தது. பிறகு யூடியூபில் ஒரு பெண் ஒருவனின் தோளில் மயிலிறகு குத்துவதைப் பார்த்தாள். இறகு தோளோடு சேர்ந்து வளைந்தது. படகேதான், ஆனால் மூச்சு விடுகிற படகு. அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய மிஷின் ஒன்று கைக்கு வந்தது. வாழைப்பழத் தோலில் பழகினாள். பூசணியில் பழகினாள். நாள் முழுக்க இறால் உரித்து ஐஸில் மரத்த விரல்களை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு உட்காருவாள். மூச்சை விட்டு முடித்த அந்தச் சின்ன இடைவெளியில்தான் கை நடுங்காது, கோட்டை அப்போது இழுக்க வேண்டும். ஊசி தோலின் இரண்டாம் அடுக்கில் நிற்க வேண்டும். மேலே நின்றால் மை கொட்டிவிடும், கீழே போனால் கசிந்து பரவும். இதையெல்லாம் பழம் சொல்லித் தராது. எனவே தன் தொடையிலேயே குத்திப் பார்த்தாள். ஒருநாள் கஸ்தூரியம்மாள் பார்த்துவிட்டாள்.

"இது உடம்பாடி, இல்ல கோடு போட்ட நோட்டா?" என்று அலறினாள். அடிக்க எடுத்த கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. எந்த இடத்தில் அடிப்பது என்று தெரியாதவள்போல மகளின் தொடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வண்ணாரப்பேட்டையில் டாட்டூ கடை வைத்திருக்கிற பூபதி, அவள் வேலை கேட்டு அனுப்பிய படங்களைப் பார்த்து ஒரே ஒரு பதில் அனுப்பினான். 'புதுசா போட்டது எல்லாமே அழகாத்தான் தெரியும். ஆறின வேலை காட்டு. அடுத்தவங்க தோல்ல போட்டு ஆறினது. அப்பால பேசலாம்.'

அடுத்தவர் தோல். அந்த ஊரில் யார் தருவார்கள்? தமிழ்வாணன் தந்தான். பக்கத்து வீடு, பெரியப்பா மகன் முறை. சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "நங்கூரம் ஒண்ணு போடுமே. கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்."

மூன்று மணி நேரம் அவன் கையை ஆட்டவில்லை. துடைத்து முடித்து, கண்ணாடியில் காட்டுவதற்கு முன்னால் அவனே குனிந்து பார்த்தான். பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"ஏமே, இன்னா இது? கயிறு இடமுறுக்கா ஏறிக்கீது?"

அவள் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். நங்கூரத்துக்குக் கட்டுகிற கயிறு வலமுறுக்கு. புரிகள் வலப்பக்கம் ஏறும். கடையிலிருந்து கயிறு வந்து இறங்கினால் சின்னப் பிள்ளைகூட அதைப் பார்த்துத்தான் சுருட்டும். அவள் வரைந்ததும் சரியாகத்தான் வரைந்தாள். மை ஒற்றும் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். நங்கூரம் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் தெரியவில்லை. கயிறு மட்டும் இடவலம் மாறிவிட்டது. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள்!

"இத நம்பி நங்கூரம் போட்டா படகு நேரா சிலோனுக்குத்தான் போவும்," என்றான் தமிழ்வாணன்.

"அண்ணா, கும்புடறேன். யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லலன்னா இன்னா தருவ?"

"இன்னொரு பச்சை சும்மா போட்டுத் தரேன்."

"வாணாம் தாயே. இதுக்கே எங்க நைனா மூணு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்கும்."

சொல்லவில்லை. முழுக்கைச் சட்டையோடு திரிந்தான். தண்ணியில் இறங்காதே அண்ணா, உப்பு பட்டால் ஆறாது என்று அவள் சொன்னதைக் கேட்காமல் இரண்டாம் நாளே ஏரியில் இறங்கி, கையை வீங்க வைத்துக்கொண்டு வந்து நின்றான். அவள் திட்டினாள். ஆறிய பிறகு நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வா என்றாள். அந்த ஞாயிறுக்கு முன்னால் காற்று திரும்பிவிட்டது.

*

சகாதேவன் அன்றைக்கே வேன் பிடித்துவிட்டார். முன்னால் அவர். நடுவில் அங்கமுத்து, மடியில் ஒரு துணிப்பை. பையில் புது வேட்டி இருந்தது. உடம்பைப் போர்த்தி எடுத்து வர. பின் சீட்டில் மோகனப்பிரியாவும் தமிழ்வாணனின் மனைவி ஷாலினியும். ஷாலினி தலையில் பூ வைத்திருந்தாள். மாமனார் சொல்லித் தினமும் வைக்கிற பூ.

ஆரம்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சகாதேவன் மோகனப்பிரியாவை ஓரமாகக் கூப்பிட்டு டீயை அவரே கையில் கொடுத்தார்.

"பயப்படாத," என்றார். "நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல. நல்லாப் பாரு. பாத்துட்டு, ஊர நெனச்சிகினு சொல்லு."

அவள் டீயைப் பார்த்தாள்.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? பொம்பளப் புள்ள ஊசி குத்தி ரத்தம் எடுத்த கையோட கடலுக்குப் போனான், அதான் கடலு இழுத்துச்சுனு பேசிக்கிறாங்க. நான் நம்பல. ஆனா வாயி யாருக்குச் சும்மா இருக்குது? நாளைக்கு அந்தப் புள்ள போட்ட பச்சைதான் அவன ஊட்டுக்குக் கூட்டியாந்துச்சுனு அதே வாயி பேசும். அப்பால நீ மெட்ராஸ் போயி கத்துக்கினாலும் சரி, இங்கியே கடை போட்டாலும் சரி, எவன் குறுக்க வருவான்? உங்கம்மா கிட்ட நானே பேசறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கரையேறிக் கிடக்கிற படகுகளையும், அடுப்பு எரியாத வீடுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசினார். அவர் பேசப் பேச மோகனப்பிரியாவுக்குள் இன்னொருத்தி கூடவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நங்கூரம் நல்ல வேலை. என்னுடையது என்று சொல்லிவிட்டால் என்னுடையதுதான். ஊருக்கு மட்டுமா? பூபதி ஆறின வேலை கேட்டானே.

டீ கையில் தளும்பிச் சுட்டது. செத்தவன் கையைக் காட்டி வேலை கேட்கிற அளவுக்கா? நினைத்தது தான்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. நினைத்தாயிற்று. இல்லை என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது.

வேன் நெடுஞ்சாலையில் ஏறியது. ஒரு பக்கம் உப்புப் பூத்த வெளி, தூரத்தில் ஏரி கோடு போட்டதுபோல. ஷாலினி ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

"இன்னா அண்ணி?"

"கயிறு."

மோகனப்பிரியாவின் விரல்கள் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"அன்னிக்கே சொல்லிட்டாரு. உன்கிட்ட சத்தியம் பண்ணிட்டு நேரா வந்து என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. அவரு எத்த வயித்துக்குள்ள வெச்சிகினாரு, இத வெச்சிக்க." ஷாலினியின் குரல் வேன் சத்தத்துக்குள் தாழ்ந்து வந்தது. "போட்டோவ எனக்கும் காட்டினாங்க. நானும் கயிறத்தான் பாத்தேன்."

"அப்ப ஏன் அண்ணி நீங்க ஒண்ணும் சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமா? புருசன் செத்தத ஒத்துக்க மாட்டாம உளறுறானு சொல்லுவாங்க. அது மட்டும் இல்ல. சொல்லணும்னு எனக்குத் தோணல."

முன்னால் அங்கமுத்துவின் தலை வேனின் ஆட்டத்துக்கு ஆடியது. பையின் காதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"தோ பாரு அவர," என்றாள் ஷாலினி. "தெனம் சாய்ந்தரம் கரையில போயி நிக்குது. நான் பூ வெச்சிகினு பின்னால நிக்கணும். நான் அழுதா அபசகுனம்னு திட்டுது. கொழந்த நைனா எப்ப வரும்னு கேட்டா, வந்துகினே இருக்குதுனு சொல்லுது. கேட்டுகினு நான் சோறு ஆக்கணும். மோகனா, அவரு வர மாட்டாரு. எனக்குத் தெரியும். நான் ஒரு நாளு உக்காந்து அழணும், அவ்ளோதான் கேக்கறேன். ஆமான்னு சொல்லிடு."

"அண்ணி, அது வேற யாரோ..."

"யாரா இருந்தா இன்னா? எந்தத் தாயி பெத்த புள்ளையோ, நம்ம கையால ஒரு புடி மண்ணு வாங்கிகினு போகட்டும். மண்ணு பேரு கேக்குமா?"

ஷாலினி இப்போதுதான் திரும்பினாள். கண்ணில் தண்ணீரே இல்லை. மோகனப்பிரியாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், ஊசி பிடிக்கிற வலது கையை. இறங்குகிறவரை அதை விடவில்லை.

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கம். வாசலில் வேப்பங்காய் நசுங்கிக் கிடந்தது. எஸ்.ஐ. வயசில் சின்னவர், தமிழ் பேசத் தெரிந்தவர், மூக்கின்கீழ் தைலம் தடவியிருந்தார்.

"டாட்டூ போட்டது யாரு?"

சகாதேவன் கை காட்டினார். எஸ்.ஐ. ஒரு நொடி அவளையே பார்த்தார். தைல டப்பாவை நீட்டினார். "தடவிக்கோம்மா. கையை மட்டும்தான் காட்டச் சொல்லியிருக்கேன். மயக்கம் வந்தா சொல்லு."

உள்ளே குளிர். ஊழியர் துணியை ஓரமாக விலக்கி ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். எடுத்து வைத்த விதத்தில் ஒரு பதவிசு இருந்தது. சகாதேவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அங்கமுத்து நிலைப்படியைத் தாண்டவில்லை. பை மார்போடு இருந்தது. அவருக்குப் பின்னால் ஷாலினி. அவள் கையைப் பார்க்கவில்லை, மோகனப்பிரியாவைத்தான் பார்த்தாள்.

மேல்தோல் போய்விட்டிருந்ததால் பச்சை இன்னும் துலக்கமாகத் தெரிந்தது, இப்போதுதான் குத்தித் துடைத்ததுபோல. ஊசி சரியான அடுக்கில் நின்றிருக்கிறது. கயிறு வலமுறுக்கு. ஒவ்வொரு புரியும் வலப்பக்கம் ஏறி, தண்டைச் சுற்றி, மறைந்து, மறுபடி வெளியே வந்தது.

அவள் குனிந்தாள். பக்கத்தில் பார்த்தால் கொஞ்சமாவது தன் கோடு இருக்காதா, தமிழண்ணனின் வீங்கிய இடத்தில் மை விட்டுப்போன தடம் இருக்காதா என்று தேடினாள். இருந்தால் எல்லாருக்கும் எவ்வளவு சுலபம். இல்லை. அதற்குப் பதிலாக, மணிக்கட்டுக்கு மேலே, போட்டோவில் தெரியாத ஒன்று தெரிந்தது. கயிறு ஓரிடத்தில் மயிரிழை அளவுக்கு விலகியிருந்தது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். தோல் மெல்லியது. எவனாக இருந்தாலும் அங்கே கையை இழுப்பான். இவனும் இழுத்திருக்கிறான். குத்தியவர் ஊசியை எடுத்துவிட்டிருக்கிறார். பரவாயில்லை என்று ஏதோ சொல்லியிருப்பார், இவன் வெட்கப்பட்டிருப்பான், தண்ணீர் குடித்திருப்பான். அவர் காத்திருந்து, தோலை மறுபடி இழுத்துப் பிடித்து, விட்ட இடத்திலேயே கோட்டைத் தொட்டு எடுத்திருக்கிறார். அவசரப்படவில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒருவருக்கு இந்தக் கை ஞாபகம் இருக்கும். ஏதோ ஒரு கரையில் ஒருத்தி இந்த நங்கூரத்தை அடையாளம் சொல்லிக்கொண்டிருப்பாள். இடது கையில சார், உள்பக்கம், கயிறு சுத்தியிருக்கும் சார்.

"என்னம்மா?" என்றார் எஸ்.ஐ. "உங்க வேலையா?"

"நல்லாப் பாத்து சொல்லும்மா," என்றது சகாதேவனின் குரல். "அவசரமில்ல."

ஆமாம் என்று சொல்ல வாய் எப்படித் திறக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் நடப்பதும் வரிசையாகத் தெரிந்தது. வேட்டி பையிலிருந்து வெளியே வரும். கிழவர் உட்கார்ந்துவிடுவார். ஷாலினி அழுவாள், ஒருவழியாக அழுவாள். நாளை மறுநாள் விடியலில் முகத்துவாரத்தில் வலை இறங்கும். ஊர் அவள் பெயரைச் சொல்லும். இல்லையென்றால் நடப்பதும் தெரிந்தது. திரும்பிப் போகிற வேன், ஒருவரும் பேசாத அந்த வழி, ஏலக்கூடத்தில் காத்திருக்கிற முகங்கள், தூணோரம் அம்மா.

மூச்சை முழுக்க வெளியே விட்டாள். கை நடுங்காத அந்தச் சின்ன இடைவெளி வந்தது.

"நான் போட்டது இல்ல சார்."

"உறுதியா?"

"உறுதியாத்தான் சொல்றேன்."

சகாதேவன் ஓரடி முன்னால் வந்தார். "மோகனா. ஆறுனப்பறம் மாறித் தெரியும்ல? தண்ணியில ஊறினா கோடு மாறும்ல? நெனச்சிப் பாரு."

அவள் தலையை ஆட்டினாள். ஊழியரைப் பார்த்து, செய்யலாமா என்று கண்ணால் கேட்டுவிட்டு, துணியின் ஓரத்தை எடுத்து அந்தக் கையை விரல் நுனி வரை மூடினாள். எஸ்.ஐ. பெருமூச்சு விட்டு வெளியே போனார். நிலைப்படியில் அங்கமுத்து யார் முகத்தையும் பார்க்காமல், பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

அவரைத் தாண்டி ஷாலினி உள்ளே வந்தாள். மோகனப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"எனக்காக மோகனா," என்றாள், மற்றவர் காதில் விழாமல். "எஸ்.ஐ. இன்னும் வாசல்லதான் நிக்கிறாரு. கூப்புட்டு மாத்திச் சொல்லு."

மோகனப்பிரியா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இல்ல அண்ணி," என்றாள்.